ஈட்டிக்காரர் கழுத்தில் நான் கட்டிய சீட்டு

பழஞ்சிற்பப் பதிவு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஏழு பேர் சேர்ந்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அனுப்பிய பட்டியலை மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், ஆறு பெயர்தான் இருக்கிறது. விடுபட்டவருக்கும் இதன் நகல் போகவேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

முப்பத்தொரு வருடம் தேனிப் பக்கத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கல் கல்லாகப் போய் அளந்து எழுதிய வேலை என்னுடையது. கல்லை எப்படித் துடைப்பது, எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் உள்ளது. அதை நான் திரும்பச் சொன்னால் உங்களுக்கு அலுப்பு. என் பதிவுகளில் நான் தவறியவை பதினொன்று. பத்தைத் திருத்திவிட்டேன். பதினொன்றாவதைப் பற்றி எழுதுகிறேன். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுதக் கை ஓடும் என்று நினைத்தேன். மற்றதை எழுதவே இல்லை.

அப்போது எனக்கு ஓய்வுக்குப் பதின்மூன்று மாதம் இருந்தது. தை மாதம். ஓடைப்பட்டிக்குப் போகும் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் நடுகல் ஒன்று வழியில் நின்றது. போய்ப் பார்த்து அன்றைக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கல்லின் உயரம் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரே மனிதன், நேராக நிற்கிறான். வலது கையில் ஈட்டி, இடது காலருகே ஒரு நாய். எழுத்து இல்லை. கோயில் சிற்பங்களில் தெய்வ உடம்புக்கு முக நீளத்தை வைத்து அளவு கட்டியிருப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். முகம் ஒன்று என்றால் உடம்பு ஒன்பது, பத்து என்று போகும். நடுகல் மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவனுக்கு முகம் ஒன்று, உடம்பு ஐந்து. தலை பெருத்து, கால் குட்டையாக, தோள் ஏறி இறங்கி இருந்தான். தெய்வம் எப்படி இருக்கவேண்டும் என்று அளவு சொல்ல ஆள் இருந்தது. செத்துப்போன ஒரு மனிதனை அவனைத் தெரிந்த யாரோ கையில் வந்தபடி கொத்தி வைத்தார்கள். நம் ஊரில் மனித உருவம் கல்லுக்குள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: "முகம் முழுவதும் தேய்ந்துள்ளது, கண், மூக்கு, வாய் தெரியவில்லை. தோள்களும் மார்பும் வழவழப்பாகத் தேய்ந்துள்ளன. ஈட்டியின் முனை கூர்மையாக உள்ளது. நாயின் காதுகள் இரண்டும், கால்கள் நான்கும், வால் ஒன்றும் தெளிவாக உள்ளன. காரணம்: மழை, வெயில்."

படித்துவிட்டீர்களா? இன்னொரு முறை படியுங்கள். மனிதனின் மூக்கைத் தின்ற மழை மூன்று சாண் கீழே இருக்கும் நாயின் காதை எப்படி விட்டது? இதை நான் என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

படிவத்தில் மொத்தம் இருபத்து மூன்று கட்டங்கள். பதினேழாவது, "வழிபாட்டில் உள்ளதா?" ஆம் என்று எழுதினால் ஊர்க்காரர்களே பக்கத்தில் ஓர் இடம் பார்த்து நட்டுக்கொள்வார்கள். இல்லை என்று எழுதினால் கல் தேனியில் எங்கள் அலுவலகத்துக் காப்பறைக்குப் போகும்.

சாலை வேலை மேற்பார்வையாளர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். "சார், மணி நாலாச்சு. பொக்லைன் காலையில கம்பத்துக்குப் போயிரும். இது சாமியா, வெறுங்கல்லா? ஒத்த வார்த்த சொல்லுங்க, நான் போன் அடிச்சிர்றேன்."

தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமியா? பொங்க வைக்கிறதில்ல, கெடா வெட்டுறதில்ல. இத்தன வருசத்துல ஒரு சூடம் ஏத்தி நான் பாத்ததில்ல சார்."

"வேற ஏதாவது பழக்கம்?"

"புள்ளைகள அங்கன வெளாட விடமாட்டோம். அம்புட்டுதான்."

ஏன் விடமாட்டீர்கள் என்று கேட்கவேண்டும் அல்லவா? நான் கேட்கவில்லை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன், இரண்டு பேரும் சாமி இல்லை என்றார்கள். மூன்று சாட்சி. பதினேழாவது கட்டத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கல் தேனிக்கு வந்தது. பதிவு எண் எழுதிய அட்டைச் சீட்டை நூலில் கோத்துக் கல்லைச் சுற்றி, உருவத்தின் கழுத்து இருக்கும் இடத்தில் நானே கட்டினேன். மற்றவர்கள் கட்டினால் முடிச்சு நிற்பதில்லை.

ஆறு மாதம் கழித்து, ஆடியில், மலைக்கு அந்தப் பக்கம் கடுமையான மழை. ஒரு நாள் காலையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜெயமங்கலம் அவர்கள் ஊர். அந்த அம்மாள் பெயர் ஒச்சம்மாள், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் வீரணன். அவர் வாசற்படியோடு நின்றுகொண்டார், அந்த அம்மாள்தான் பேசினார்.

"ஐயா, எங்க ஈட்டிக்காரர இங்கன கொண்டாந்து வச்சிருக்கீகளாம்ல?"

"எந்த ஈட்டிக்காரரும்மா?"

"ஓடப்பட்டி ரோட்டுல நின்னவரு. நேத்துப் போய்ப் பாத்தா அங்கன தாரு ஊத்திக் கெடக்கு. தோட்டக்காரருதான் நீங்க எடுத்துட்டு வந்துட்டதாச் சொன்னாக."

அவர்களுடைய ஒரே மகன் பாண்டி. இருபத்து நான்கு வயது. கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். வெள்ளம் ஓடிய ஓர் ஓடையைக் கடக்கும்போது அடித்துக்கொண்டு போய்விட்டது. எட்டு நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. ஒன்பதாம் நாள் தேடுவதை விட்டுவிட்டு ஓடைப்பட்டிக்குக் கல்லைத் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்கள் என் முன்னால் நின்றது பத்தாம் நாள். பதினாறாம் நாள் கருமாதி.

"கருமாதிக்கு முன்னால அவனக் குளிப்பாட்டணும்யா. குளிப்பாட்டாத பொணத்துக்கு எப்படிக் காரியம் பண்றது?"

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் பொறுமையாகவே சொன்னார். இறந்தவரைக் குளிப்பாட்ட உறவுக்காரர்கள் கிணற்றிலிருந்து குடத்தில் எடுத்து வரும் தண்ணீரை நீர்மாலை என்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓடைப்பட்டிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்த அவர்கள் வகையறாவில், வெளியூரில் இறந்து உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அந்தத் தண்ணீரை இந்தக் கல்லுக்கு ஊற்றுவார்களாம். தலையில் எண்ணெய் வைத்து, அரப்பு தேய்த்து, முகத்தையும் மார்பையும் கையால் துடைத்துக் குளிப்பாட்டுவார்களாம். பட்டாளத்துக்குப் போய் வராத பெரிய மாமனாரை இந்த ஈட்டிக்காரரைத் தொட்டுத்தான் குளிப்பாட்டினார்களாம். பழங்காலத்தில் வருடந்தோறும் யாருக்காவது நடக்குமாம், இப்போது இருபது வருடத்துக்கு ஒரு முறையோ, முப்பது வருடத்துக்கு ஒரு முறையோ. மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சாவு வீட்டு வாசலுக்கு யார் சும்மா போவார்கள்?

"கும்பிடுறதில்லைன்னுதான் அங்கே சொன்னாங்க" என்றேன்.

"எதுக்குக் கும்பிடணும்? அவரு சாமி இல்ல. அவரு எங்க வீட்டுப் பொணம்."

அந்த இடத்தில்தான் எனக்கு நாயின் காது ஞாபகம் வந்தது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது கை எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம் கல் தேய்ந்திருந்தது. தலை, முகம், தோள், மார்பு. ஈட்டியை யாரும் குளிப்பாட்டுவதில்லை, நாயையும் இல்லை. மழை மேலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுபோல அரிக்கும். கை தனக்கு வேண்டியதை மட்டும் தொடும். இந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிற்பத்தில் மனித உருவத்தைப் பார்ப்பதற்குத்தான் செய்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டு அலைகிறோம். தொடுவதற்காக வைத்தவையும் உண்டு.

படிவம் பற்றிச் சொன்னேன். அதில் உள்ள கட்டங்களையும் எண்ணிச் சொன்னேன்.

"இருபத்தி மூணு கேள்வி கேட்டீகளா? இதுல பொணம் குளிப்பாட்டுறீகளான்னு ஒரு கேள்வி இல்லையாக்கும்."

"எண்ணெய் பட்டா கல்லு கெட்டுப்போகும்மா. விதி இருக்கு."

"எங்க ஆளுக எண்ணெ வச்சு எண்ணெ வச்சுத்தான் இம்புட்டு நாளு நின்னாரு. உங்க ரூமுக்கு வந்துதான் கெடப் போறாராக்கும்?"

பார்க்கவாவது பார்க்கட்டும் என்று இரண்டு பேரையும் பின்பக்கம் கூட்டிப்போனேன். காப்பறைக்குக் கம்பிக் கதவு. உள்ளே பதினான்கு கற்கள், சுவரோரமாக வரிசையாக நின்றன. ஈட்டிக்காரர் ஐந்தாவது. ஒச்சம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கழுத்துல என்னது சீட்டு?"

"பதிவு எண்."

"ஆசுபத்திரியில பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீக." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, நம்ம புள்ளைக்குச் சீட்டு கட்டக்கூட ஆளில்லாமப் போச்சே" என்றார்.

வீரணன் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கம்பிக்குள் கையை நுழைத்தார். தோள் வரைக்கும் நுழைத்து, கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, விரல்களை நீட்டினார். எட்டவில்லை. கல்லுக்கும் விரலுக்கும் இடையே இரண்டு சாண் இருந்தது. அந்த நேரத்திலும் நான் அதைக் கண்ணால் அளந்தேன்.

காப்பறைப் பொறுப்பில் இருந்தவர் போடிக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், நான் டீ குடிக்கப் போறேன். சாவி மேசை மேல இருக்கு. அரைமணி நேரம் ஆகும் எனக்கு. வந்து தரைய நானே தொடச்சு விட்டுருவேன்."

"எண்ணெய்க் கறை தெரியுமேப்பா. தணிக்கைக்கு வந்தா?"

"அந்தக் கல்லுல ஏற்கெனவே இருக்கிற எண்ணெ எத்தன படின்னு எவனுக்குத் தெரியும்? மேல எழுதிக் கேக்காதீக சார். கேட்டா முடியாதும்பாக, இல்லாட்டிப் பாக்கலாம்பாக. ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. கல்லைக் குளிப்பாட்ட விட்டால் பதினேழாவது கட்டத்தில் நான் எழுதியது பொய் என்று ஆகும். கல்லை எடுத்ததே தவறு என்று ஆகும். என் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் அதில் இருக்கின்றன. இவ்வளவும் மனத்தில் ஓடியது. ஆனால் இளையவர்களே, இதைக்கூட நான் பயம் என்று அப்போது நினைக்கவில்லை. முறை என்று நினைத்தேன். இன்று பத்து, கருமாதி பதினாறு, நடுவில் ஆறு நாள் இருக்கிறது, ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஆறு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். மேசை மேல் இருந்த சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னிக்கே எழுதுறேம்மா. ஆறு நாள் இருக்கு. அனுமதி வந்துரும்" என்றேன்.

"ஆறு நாளு உங்களுக்கு இருக்குய்யா. எம்புள்ள பத்து நாளாத் தண்ணிக்குள்ள கெடக்கான்" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் நடந்தார். வீரணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் போனார். முழங்கைக்கு மேலே கம்பியின் துரு கோடு கோடாகப் பதிந்திருந்தது.

அன்றே எழுதினேன். கடிதம் இரண்டு பக்கம், இணைப்பு நான்கு. பன்னிரண்டாம் நாள் கேட்டபோது அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பதின்மூன்றாம் நாள் கோப்பு வேறு மேசைக்குப் போயிருந்தது. ஒச்சம்மாள் தினமும் காலையில் ஒரு முறை போன் செய்தார். தினமும் நாளைக்கு என்றேன். பதினைந்தாம் நாள் காலையில் மேலிடத்தில் கேட்டேன், கையெழுத்தாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் என்றார்கள். அதை ஒச்சம்மாளிடம் சொன்னேன். "நாளைக்கு வந்துரும்மா."

"நாளைக்குக் கருமாதி சார்" என்றார். நான் ஏதோ சொல்ல வருவதற்குள் வைத்துவிட்டார்.

கையெழுத்தாகிவிட்டது என்று காதால் கேட்டபிறகும், சாவி என் பையில் இருந்தும், தாள் கையில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் செய்ததற்கெல்லாம் ஏதாவது காரணம் சொல்வேன். அந்தப் பதினைந்தாம் நாளுக்கு என்னிடம் காரணம் இல்லை.

கடிதம் பதினேழாம் நாள் காலை பத்தேகாலுக்கு வந்தது. பிற்பாடு நான் படிவத்தைத் திருத்தி எழுதினேன், விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த வருடம் கல்லைக் கொண்டுபோய்ச் சாலையின் மறுபக்கம் நட்டார்கள். என் ஓய்வூதியத்தில் யாரும் கை வைக்கவில்லை. அலுவலகத்தைப் பொறுத்தவரை அது தீர்ந்துபோன கோப்பு.

கடிதம் வந்த அன்று போன் செய்தேன், எடுக்கவில்லை. பேருந்து ஏறி ஜெயமங்கலம் போனேன். வாழைத்தோப்பை ஒட்டி வீடு. முன்னால் கருமாதிக்குப் போட்ட சாமியானாவை இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் வீரணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை மொட்டை. என்னைப் பார்த்து எழுந்தார். நான் உட்காரச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒச்சம்மாள் வாசலுக்கு வந்தார்.

"அனுமதி வந்திருச்சும்மா" என்று கடிதத்தை எடுத்தேன்.

"வேணாம் சார். குளிப்பாட்டியாச்சு."

"எந்தக் கல்லை?"

"கல்லு எங்கன இருக்கு? இவுகளத்தான்."

எனக்கு விளங்க நேரமாயிற்று. பதினைந்தாம் நாள் என்னோடு பேசி முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம். வீரணன்தான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தாராம்.

"அவன் ஒடம்பு நான் குடுத்த ஒடம்புதான, என்னய அவனா நெனச்சு ஊத்துங்கன்னாக. உசுரோட இருக்கிற மனுசனுக்கு நீர்மாலையான்னு பங்காளிக எந்திரிச்சுப் போயிட்டாக. நாந்தேன் ஒத்தையில கெணத்துக்குப் போய் எடுத்தாந்தேன். நாந்தேன் ஊத்துனேன்."

இவ்வளவையும் ஒச்சம்மாள் என்னைப் பார்த்தே சொன்னார். பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். மற்றதைக் கட்டிலைச் சுற்றிப் போய், வீரணனின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாமியானாக்காரர்களைப் பார்த்தபடியே திரும்பிப் போனார்.

தீட்டுக்காக அப்படி வைக்கிறார்களோ என்று நினைத்தேன். வீரணன் பின்பக்கம் கைவிட்டுத் துழாவி டம்ளரை எடுத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இப்பிடித்தான் சார் வக்கிறா. மூஞ்சியப் பாக்கமாட்டேங்கிறா."

"ஏங்க?"

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"கண்ண மூடியே இருங்கன்னு மொதல்லயே சொல்லித்தான் ஊத்துனா. நானும் மூடித்தான் இருந்தேன். எண்ணெ வச்சா, அரப்பு தேச்சா. மூஞ்சிய ரெண்டு கையாலயும் தொடச்சா. அவன் சின்னப் புள்ளையா இருக்கயில தொடைப்பா, அதே மாதிரி காதுக்குப் பின்னாலயெல்லாம் வெரல விட்டு. அழுகவே இல்ல சார் அவ. நெசமாவே அவன் கெடச்சுட்ட மாதிரி தேச்சுக்கிட்டு இருந்தா. கடசிக் கொடத்த ஊத்தயில, ஏலே பாண்டி, தண்ணி குளுருதாடான்னு கேட்டா. கேட்டதும் கண்ணத் தொறந்துட்டேன்."